சின்னச் சங்கம், பெரிய சம்மேளனம்: சாவி யார் கையில்?

கேள்வி: நான் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். 4 வருடங்களுக்கு முன்பு நாங்களே கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தோம். எந்தச் சம்மேளனத்தோடும் இணைப்பு கிடையாது, எந்தக் கட்சியோடும் தொடர்பு கிடையாது. இப்போது 160 உறுப்பினர்கள் இருக்கிறோம். முதல் ஊதிய ஒப்பந்தத்தை நாங்களே பேசி முடித்தோம். அது இன்னும் 5 மாதத்தில் முடிகிறது. இந்த முறை நிர்வாகம் பேச்சுவார்த்தைக்குத் தேதியே தராமல் இழுத்தடிக்கிறது. நிறுவனத்துக்கு வேறு இரண்டு ஊர்களிலும் கிடங்கு உண்டு. அங்கே சங்கம் இல்லை. எங்கள் கிடங்கிலும் ஏஜென்சி மூலம் வந்த 90 பேர் சங்கத்துக்கு வெளியே இருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு பெரிய சம்மேளனம் எங்களைச் சேரச் சொல்கிறது. ‘சந்தாவை வாங்கிக்கொண்டு நம்மை மறந்துவிடுவார்கள், கட்சி அரசியலுக்குள் இழுத்துவிடுவார்கள்’ என்கிறார்கள் பாதிப் பேர். ‘தனியாக நின்றால் நசுக்கிவிடுவார்கள்’ என்கிறார்கள் மீதிப் பேர். செயலாளராக நான் என்ன முடிவெடுப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத சங்கச் செயலாளர்

பதில்:

அன்புள்ள தோழருக்கு,

இரண்டு பாதியும் சரியாகத்தான் சொல்கிறார்கள். சந்தா வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை காலண்டர் அனுப்புவதோடு நிறுத்திக்கொண்ட சம்மேளனங்களைப் பார்த்திருக்கிறேன். தனித்து நிற்பதே பெருமை என்று நின்று, ஒரே ஒரு கதவடைப்பில் காணாமல் போன சங்கங்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் ‘சேரலாமா, வேண்டாமா’ என்று என்னைக் கேட்டால் உங்களுக்குப் பிரயோஜனமான பதில் வராது. உங்கள் சங்கத்தின் எந்தெந்தச் சாவி இன்று யார் கையில் இருக்கிறது, சேர்ந்த பிறகு யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் ஒன்று. ஏஜென்சி மூலம் வந்த 90 பேரைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வாக்கியத்தில்தான் கண் நின்றது. 160 பேர் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் அந்த 90 பேர் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தால், எந்தச் சம்மேளனத்தின் கொடி வாசலில் பறந்து என்ன? அவர்களைக் கருங்காலிகள் என்று அன்றைக்குத் திட்டுவது சுலபம். நேற்றுவரை அவர்கள் ஊதியச் சீட்டை நீங்கள் ஒரு தடவையாவது வாங்கிப் பார்த்தீர்களா? பரந்த தொழிலாளர் இயக்கம் என்பது தலைநகரத்தில் நாலு மாடிக் கட்டடத்தில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உங்களுக்கு அது அடுத்த ரேக்கில் நிற்கிறது. உங்கள் துணைவிதியில் ‘நிரந்தரத் தொழிலாளர்’ மட்டுமே உறுப்பினராகலாம் என்று இருந்தால், முதலில் அதைத் திருத்துங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் அவர்களை உங்கள் சங்கத்தில் சேர்க்க இடம் தராவிட்டால், அவர்கள் தனியாக ஒரு சங்கம் அமைக்க உதவுங்கள். கோரிக்கை மனுவில் அவர்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள்.

சரி, இப்போது சம்மேளனத்துக்கு வருவோம்.

சின்னச் சங்கத்தின் பலம் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒருவரை இடைநீக்கம் செய்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தலைவர் உங்கள் பக்கத்து மேசையில் வேலை செய்பவர். அவர் தப்பாகப் பேசினால் முகத்துக்கு நேரே கேட்கலாம். ஆனால் இதே நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. நான் ஆலோசனை சொல்லிவந்த ஒரு சங்கத்தில் செயலாளர் அபாரமான உழைப்பாளி. உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, பழைய ஒப்பந்தங்கள் எல்லாம் அவருடைய டைரியிலும் தலையிலும் இருந்தன. நிர்வாகம் அவருக்கு மேற்பார்வையாளர் பதவி கொடுத்தது. மிரட்டல் இல்லை, பணிநீக்கம் இல்லை, ஒரு பதவி உயர்வு, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் சங்கம் பெயர்ப்பலகையாகிவிட்டது. சம்மேளனம் தங்கள் சங்கத்தை விழுங்கிவிடும் என்றுதான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயந்துகொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு கிடங்கில் இருக்கும் சங்கத்தின் இன்னொரு பலவீனத்தை அண்மைக்கால நிகழ்வு ஒன்று காட்டுகிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் அமேசானின் ஜேஎஃப்கே8 கிடங்கில், எந்தப் பெரிய சங்கத்தின் துணையும் இல்லாமல் தொழிலாளர்களே தொடங்கிய அமேசான் லேபர் யூனியன், சங்கம் வேண்டுமா என்று தொழிலாளர்களிடையே 2022 ஏப்ரலில் முடிந்த தேர்தலில் வென்றது. ஆதரவாக 2,654 வாக்குகள், எதிராக 2,131. உலகமே திரும்பிப் பார்த்தது. பெரிய சங்கங்கள் பல வருடமாக முயன்றும் முடியாததை, பேருந்து நிறுத்தத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டு பேசியே அவர்கள் சாதித்தார்கள். அப்புறம்? அடுத்த மாதமே எதிர்ப்புறம் இருந்த சிறிய கிடங்கில் தோற்றார்கள். அக்டோபரில் அதே மாநிலத்தில் ஆல்பனி நகருக்கு அருகே இன்னொரு அமேசான் கிடங்கில் நடந்த தேர்தலிலும் தோல்வி. வென்ற கிடங்கிலோ நிறுவனம் தேர்தல் முடிவையே எதிர்த்து வழக்காடி, பேச்சுவார்த்தைக்கு உட்காரவே இல்லை. உள்ளே கோஷ்டிகள் பிரிந்து, சங்கத்தின் தலைமைத் தேர்தல் எப்போது நடக்க வேண்டும் என்பதே நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூனில் டீம்ஸ்டர்ஸ் என்ற பெரிய அமெரிக்கச் சங்கத்தோடு இணைவதா என்று வாக்கெடுத்தபோது, வாக்களித்தவர்களில் 98 சதவீதத்துக்கு மேல் சரி என்றார்கள்.

இதை வைத்து ‘பார்த்தீர்களா, கடைசியில் பெரிய சங்கத்திடம்தான் போக வேண்டியிருந்தது’ என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே நுழைய முடிந்ததற்குக் காரணம் அவர்கள் சின்னவர்களாக, உள்ளூர்க்காரர்களாக இருந்ததுதான். ஆனால் பணமும் நேரமும் எதிராளியிடம் குவிந்து கிடக்கும்போது, வென்ற பிறகு ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேறு விதமான பலம் வேண்டும். உங்கள் நிர்வாகம் தேதி தராமல் இழுத்தடிப்பதும் அதே கணக்குதான். மற்ற இரண்டு கிடங்குகளுக்கு வேலையைத் திருப்பிவிட முடியும் என்ற தைரியம்.

இணைவதன் நல்லதும் கெட்டதும் ஒரே கதையில் தெரிய வேண்டும் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது அமெரிக்க ரயில் தொழிலாளர்கள்தான். புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றிய போர்ட்டர்கள் கறுப்பினத்தவர்கள். 1925 ஆகஸ்டில் அவர்கள் தொடங்கிய சங்கத்துக்கு ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைவரானார். அவர் போர்ட்டர் இல்லை, ஒரு பத்திரிகை ஆசிரியர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்; கம்பெனியால் அவரை வேலையை விட்டு நீக்க முடியாதல்லவா! அன்றைய பெரிய கூட்டமைப்பு அமெரிக்கன் ஃபெடரேஷன் ஆஃப் லேபர். அதில் இருந்த பல சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதே இல்லை, சில சங்கங்கள் அதை விதியாகவே எழுதி வைத்திருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் போய்ச் சேர வேண்டுமா என்று போர்ட்டர்கள் கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.

1928இல் வேலைநிறுத்தத்துக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். கடைசி நேரத்தில், கூட்டமைப்பின் தலைவர் வில்லியம் கிரீன் சொன்ன யோசனையைக் கேட்டு ராண்டால்ஃப் அதைக் கைவிட்டார். சங்கம் நொறுங்கிப்போனது. ஆயிரக்கணக்கில் இருந்த உறுப்பினர்கள் அடுத்த சில வருடங்களில் சில நூறாகக் குறைந்தார்கள். 1929இல் கூட்டமைப்பு இடம் கொடுத்தபோதும் முழு அந்தஸ்துள்ள சங்கமாகச் சேர்க்கவில்லை. துண்டு துண்டாக 13 உள்ளூர்க் கிளைகளுக்கு மட்டும் அனுமதி தந்தது. அதையும் வாங்கிக்கொண்டார்கள். 1934இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, கம்பெனியே நடத்தும் போலிச் சங்கங்களுக்குத் தடை வந்தது. 1935இல் தேர்தலில் வென்றார்கள், கூட்டமைப்பின் முழு அங்கீகாரமும் பெற்றார்கள். சங்கம் பிறந்து சரியாக 12 வருடம் கழித்து, 1937 ஆகஸ்டில், புல்மன் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாத வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். ராண்டால்ஃப் கூட்டமைப்பின் ஒவ்வொரு மாநாட்டிலும் எழுந்து, நிறத்தைக் காரணம் காட்டி ஆள் சேர்க்க மறுக்கும் சங்கங்களைப் பற்றிப் பேசினார். தீர்மானங்கள் தோற்றன, அடுத்த ஆண்டு மறுபடியும் கொண்டுவந்தார். இணைந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. ஆனால் அப்படிப் பேச அவரால் ஏன் முடிந்தது? சங்கம் அவர்களுடையதாகவே இருந்தது. உறுப்பினர்கள் அவர்களுடையவர்கள், தலைவர் அவர்கள் தேர்ந்தெடுத்தவர், பணம் அவர்களுடைய கணக்கில். 1928இல் வேலைநிறுத்தத்தைக் கைவிடும் முடிவு உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆக, சாவிகள் மூன்று. உறுப்பினர் பதிவேடு, பணம், வேலைநிறுத்தமா சமரசமா என்ற முடிவு.

பதிவேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அசல் உங்களிடம் இருக்க வேண்டும், நகலை அவர்களுக்குக் கொடுக்கலாம். அதுவும் உங்கள் டைரியில் இருக்கக் கூடாது, நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேருக்கு அது கிடைக்க வேண்டும்.

பணத்தில்தான் வழுக்கி விழுவார்கள். சந்தாவில் எத்தனை பங்கு சம்மேளனத்துக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சந்தாவை யார் வசூலிப்பது? நேரடியாக அவர்கள் கணக்குக்குப் போய் உங்கள் பங்கு திரும்பி வருகிறதா, அல்லது உங்கள் கணக்குக்கு வந்து அவர்கள் பங்கு போகிறதா? இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நாளைக்குக் கருத்து வேறுபாடு வந்தால் முதல் வகையில் உங்களுக்குத் தபால் செலவுக்குக்கூடக் காசு இருக்காது. வேலைநிறுத்த நிதி இருக்கிறதா, எத்தனை நாள் கழித்துப் பணம் தர ஆரம்பிப்பார்கள், யார் கையெழுத்துப் போட்டால் வரும் என்பதையும் கேளுங்கள். பணிநீக்கம் செய்யப்பட்டவர்களின் வழக்குச் செலவை எந்தக் கட்டம் வரை ஏற்பார்கள், மேல்முறையீட்டுக்கும் வருவார்களா? உங்கள் தோழர்களுக்குக் கட்சி அரசியல் பயம் இருக்கிறதல்லவா, அதற்கும் விடை இங்கேதான் கிடைக்கும். சந்தாவிலிருந்து அரசியல் நிதிக்குப் பணம் போகிறதா, வேண்டாம் என்கிற உறுப்பினர் விலகிக்கொள்ள முடியுமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நெளிந்தால் அதுவே பதில்.

மூன்றாவதுதான் உயிர். வேலைநிறுத்தம் தொடங்கவும் முடிக்கவும் சம்மேளனத்தின் அனுமதி வேண்டுமா? ஒப்பந்தத்தில் அவர்களுடைய பிரதிநிதி கையெழுத்திட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்துமா, அல்லது பொதுக்குழுவில் உறுப்பினர்கள் வாக்களித்த பிறகுதான் செல்லுமா? ‘நாங்கள் உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டோம்’ என்று சம்மேளனத் தலைவர் தோளில் கை போட்டுச் சொல்வார். அவர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்த மாநாட்டில் அவருக்குப் பதில் வேறொருவர் வருவார், அதனால் எழுதி வாங்குங்கள். விலகும் உரிமையையும் அதே தாளில் எழுத வேண்டும்: எத்தனை பெரும்பான்மையில் விலகலாம், விலகினால் வங்கி இருப்பும் அலுவலகச் சாமானும் சங்கத்தின் பெயரும் யாருக்கு. கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.

சம்மேளனத்தின் கூட்டத்துக்கு உங்களை அழைப்பார்கள், போய் வாருங்கள். ஆனால் அதைவிட, அவர்களோடு ஏற்கெனவே இணைந்திருக்கும் உங்கள் அளவிலான இரண்டு சங்கங்களைத் தேடிப் பிடித்து, நிர்வாகிகளை விட்டுவிட்டு, ஷிஃப்ட் முடிந்து வருகிற சாதாரண உறுப்பினர்களிடம் பேசுங்கள். ‘கடைசியாகச் சம்மேளனத்திலிருந்து யார், எப்போது இங்கே வந்தார்கள்?’ அந்த ஒரு கேள்வி போதும்.

சேராமல் இருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு, தனித்து நிற்கச் சொல்பவர்கள் அதை யோசிப்பதில்லை. நிர்வாகம் தனக்குப் பிடித்த வேறொரு பெரிய சங்கத்தோடு கையெழுத்துப் போட்டுவிடலாம். பிரிட்டனில் உணவு விநியோகம் செய்யும் டெலிவரூ ஓட்டுநர்களுக்காக ஐடபிள்யூஜிபி என்ற சின்ன, சுயேச்சையான சங்கம், அவர்கள் சார்பில் பேரம் பேசும் உரிமை கேட்டுப் பல வருடம் வழக்கு நடத்தியது. 2012இல் தொடங்கிய அந்தச் சங்கம், அந்நாட்டுச் சங்கங்களின் மையக் கூட்டமைப்பான டியூசியில் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2022 மே மாதம் டெலிவரூ ஜிஎம்பி என்ற பெரிய சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஐடபிள்யூஜிபிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜிஎம்பி செய்தது சரியா தப்பா என்று இன்றும் சண்டை நடக்கிறது, எனக்கும் அதில் ஒரு கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: பெரிய சங்கங்களோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தால், உங்களைத் தாண்டிப் போக நிர்வாகத்துக்கு ஒரு கதவு திறந்தே இருக்கும். உங்கள் நாட்டில் எந்தச் சங்கத்துக்குப் பேரம் பேசும் உரிமை, எத்தனை சதவீத உறுப்பினர்கள் வேண்டும் என்ற விதியை உடனே பாருங்கள். 160ஐ, ஏஜென்சி ஆட்களையும் சேர்த்து உங்கள் கிடங்கில் உள்ள 250ஆல் வகுப்பதும் 160ஐ மூன்று கிடங்கின் மொத்த ஆட்களால் வகுப்பதும் வேறு வேறு சங்கதி.

சேராமலே சேர்ந்து நிற்கும் வழிகளும் உண்டு. 1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு 6 பென்ஸ் கேட்டு ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, பட்டினியால் தோற்கும் நிலைக்கு வந்தார்கள். காப்பாற்றியது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பணம், சுமார் 30,000 பவுண்டு. பூமியின் மறுபக்கத்தில் இருந்தவர்களோடு அவர்களுக்கு இணைப்பு ஒப்பந்தமோ துணைவிதியோ கிடையாது. பிரான்சில் 1981இல் எந்தப் பெரிய கூட்டமைப்பிலும் இல்லாத பத்துச் சுயேச்சைச் சங்கங்கள் ‘பத்துப் பேர் குழு’ என்று கூடிப் பேச ஆரம்பித்தன. பெரிய கூட்டமைப்பு ஒன்றோடு மோதி வெளியேற்றப்பட்ட தபால்துறைத் தொழிலாளர்கள் அமைத்த சங்கமும் பின்னால் அவர்களோடு சேர்ந்தது. 1998இல் அந்தக் குழு சோலிடேர் என்று பெயர் வைத்துக்கொண்டது. விழுங்கப்படாமல் சேர முடியும் என்பதற்கு அது ஒரு மாதிரி. ஆனால் அதற்கு 17 வருடம் ஆயிற்று, உங்களுக்கு இருப்பது 5 மாதம்.

எனவே என் யோசனை: இப்போது இணைப்பு வேண்டாம், ஓராண்டு ஒத்துழைப்பு ஒப்பந்தம் போடுங்கள். அவர்கள் பேச்சுவார்த்தைக்கு ஓர் அனுபவசாலியையும் வழக்கறிஞர் உதவியையும் தரட்டும். மற்ற இரண்டு கிடங்குகளில் ஆள் சேர்க்க இருவரும் சேர்ந்து முயலுங்கள். நீங்கள் ஒரு சின்னத் தொகை கொடுங்கள், அவர்களுடைய வேறு சங்கம் போராட்டத்தில் இருந்தால் அந்த வாயிற்கூட்டத்துக்கு 20 பேராவது போய் நில்லுங்கள். உண்மையாகவே உங்கள் நலனுக்காகக் கூப்பிட்ட சம்மேளனம் இதற்குச் சம்மதிக்கும். எண்ணிக்கைக்காகக் கூப்பிட்டது என்றால் ‘முதலில் சேருங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லும். இதில் ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது: இணைந்த சங்கங்களுக்குச் சம்மேளனம் தரும் வேலைநிறுத்த நிதி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அதனால் உங்கள் சொந்த நிதிக்கு இந்த மாதமே தனிச் சந்தா வசூலிக்க ஆரம்பியுங்கள்.

வாக்கெடுப்பை மட்டும் இப்போது வைத்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதி பிரிந்திருக்கும் சங்கத்தில் 82க்கு 78 என்று ஒரு முடிவு வந்தால், தோற்ற 78 பேரும் நிர்வாகத்துக்குக் கிடைத்த பரிசு. ஓராண்டு முடிந்து வாக்கெடுக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று இப்போதே பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு வையுங்கள். ஷிஃப்ட் வாரியாகக் கூட்டம் நடத்துங்கள், இரவு ஷிஃப்டையும் விடாமல். ஏஜென்சி ஆட்களையும் கூப்பிடுங்கள், வாக்கு இல்லாவிட்டாலும் பேச்சு இருக்கட்டும்.

நிர்வாகத்துக்குத் தேதி கேட்டு எழுதிய கடிதங்களை எல்லாம், ஒப்புகையோடு, ஒரே கோப்பில் வையுங்கள். வாய்மொழியாகக் கேட்டிருந்தால் இன்றே எழுத்தில் கேளுங்கள். சம்மேளனத்திடம் அவர்களுடைய துணைவிதிப் பிரதியைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். விலகல் பற்றிய பிரிவை முதலில் பார்க்கலாம்.